பின்சக்கரத்துத் தண்ணீர்

"சாரல் சீசன் ஆரம்பிச்சிட்டு சார், பின்னால மட்ஃபிளாப் இல்லாமயா ஓட்டுதிய, போட்டுருவமா" என்று கடைக்காரர் செய்யதலி கேட்டு ஐந்து நிமிடம் ஆகிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவரும் காத்துக்கொண்டு நிற்கவில்லை, காரின் முன்கண்ணாடிமேல் குனிந்து வைப்பரின் பழைய ரப்பரை உருவிக்கொண்டிருக்கிறார். நான் வந்தது வைப்பருக்குத்தான். திருநெல்வேலியிலிருந்து வரும் வழியெல்லாம் அது கண்ணாடியில் கிறீச் கிறீச்சென்று இழுத்துக்கொண்டே வந்தது. ஆலங்குளம் தாண்டியதும் சாரல் வலுத்து முன்னால் போகிற வண்டிகூடத் தெரியாமல் போய்விட்டது. பாவூர்சத்திரத்தில் இந்தக் கார் சாமான் கடை கண்ணில் படவும் ஓரங்கட்டிவிட்டேன். பத்து நிமிட வேலை, முடிந்ததும் தென்காசிக்குப் போய், வடிவை அவள் வீட்டில் இறக்கிவிட்டு, நான் என் வீட்டுக்குப் போய்விடலாம். வடிவு என் தம்பி மனைவி. கடை வாசலில் தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் சான்றிதழ் ஃபைல், அதன்மேல் சாரல் படாமல் முந்தானையைப் போர்த்தியிருக்கிறாள். இன்று மின்வாரிய அலுவலகத்தில் அந்தச் சான்றிதழ்களைத்தான் சரிபார்த்தார்கள். வயர்மேனாக இருந்த என் தம்பி சங்கரபாண்டி போன கார்த்திகையில் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளுக்கு அங்கே வேலை கிடைக்கப் போகிறது. கருணை அடிப்படையில் என்று தாளில் இருந்தது. அதற்குக் கீழே, இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில், சாலை விபத்து. கூட வந்தவர் நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள், போட்டேன். கையெழுத்து எப்போதும்போல நேராக விழுந்தது, அதுதான் பயமாக இருந்தது. இப்போது இங்கே, சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிடுகிற ஒரு ரப்பர் துண்டு வேண்டுமா வேண்டாமா என்பதற்கு வாய் திறக்க முடியவில்லை. போடுங்க என்றால் போட்டுவிடுவார். வேண்டாம் என்றாலும் ஒன்றும் குறைந்துவிடாது, பாதிப் பேர் இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள். சொல்லவேண்டியதுதானே.

மட்ஃபிளாப் பாக்கெட்டைப் பிரித்து மேசைமேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எடுத்துப் பார்க்கிறேன். கறுப்பாக, முரடாக, ஒரு ஓரத்தில் மூன்று துளையோடு, புதுச் செருப்பின் வாசனையோடு. இவ்வளவுதானா இது. இரண்டு கை அகலம்கூட இல்லை. புரட்டாசியில் கார் எடுத்த அன்று சங்கர் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். இடுப்பு பெல்ட்டில் கட்டிங் பிளேயர் தொங்கியது, கைகளில் கிரீஸ். கழுவிவிட்டுத் தொடுடா என்று நான் சொல்லியிருக்கக் கூடாது, அவன் தொடவே இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் காரைச் சுற்றி வந்தான். பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "எண்ணே, மட்ஃபிளாப் வைக்கலியே. கேட்டு வாங்கிப் போடு. மழைக்காலம் வருது, பின்னால வாரவன் மூஞ்சியில அடிக்கும்" என்றான். அது வேகத்தடையில் இடிக்குமாம், ஷோரூமில் சொன்னார்கள் என்றேன். ஷோரூமில் சொன்னது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. துளை போட வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஐம்பத்து மூன்று வயதில் முதல்முதலாக ஒரு கார் வாங்கி, வாங்கிய கையோடு அதில் துளை போடுவதா. அதையும் அவனிடம் சொன்னேன் போலிருக்கிறது, ஏனென்றால் அவன் சிரித்தது நினைவிருக்கிறது. "ரெண்டு ஓட்டைக்குக் காரு செத்தா போவும்." சொன்னானா, இல்லை நானாகச் சேர்த்துக்கொண்டேனா. ஏழு மாதமாக அந்த வாசகத்தை மனதுக்குள் அத்தனை தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன், இப்போது அது அவன் குரலிலேயே இல்லை, என் குரலில் கேட்கிறது.

எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை இது. இருபத்தாறு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வட்டப்பாதையில் சுற்றும் பொருள் விடுபட்டால் தொடுகோட்டின் வழியே நேராகப் போகும். கயிற்றில் கட்டிய கல், அடுத்தது சக்கரத்தில் ஒட்டிய சேறு. கரும்பலகையில் வட்டம் போட்டு, வட்டத்தின் விளிம்பிலிருந்து பின்பக்கமாக, மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. அதனால்தான் சைக்கிளுக்கு மட்கார்டு வைக்கிறார்கள், இல்லையென்றால் உங்கள் சட்டையைப் பார்த்து அம்மா அடிப்பாள் என்பேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். எல்லா வருடமும் அந்த இடத்தில் சிரிப்பார்கள். இந்தத் தை மாதம் அந்தப் பாடம் வந்தபோது கல்லையும் கயிற்றையும் மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். முதல் வரிசையில் சங்கரின் மகள் அனுசுயா உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடமாட்டாள், அவள் அப்பா அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தான். எழுந்து நின்று, "சார், சேறு உதாரணமும் புத்தகத்துல இருக்கு" என்றாள். அதுவும் இதேதான், படிச்சுக்கோ என்றேன். உட்கார்ந்து அடிக்கோடு போட்டுக்கொண்டாள். ஸ்கேல் வைத்து, நேராக.

விபத்து நடந்த அன்றைக்கு அம்பாசமுத்திரத்தில் கல்யாணம், என் மனைவி சொர்ணத்தின் அக்கா மகளுக்கு. அனுசுயாவுக்குக் காய்ச்சல் என்று வடிவு வரவில்லை. சங்கருக்கு இரண்டு மணிக்கு டியூட்டி, தாலி கட்டியதும் திரும்ப வேண்டும், அதனால் பைக்கில் வந்தான். "மண்டபம் எனக்குத் தெரியாதுண்ணே, உன் பின்னாலேயே வாரேன்" என்றான். பின்னாலேயே. கடையம் வரைக்கும் தூறல்தான். அதற்கப்புறம் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று இரண்டு பக்கமும் செம்மண்ணைக் கொட்டி வைத்திருந்தார்கள், மழையில் அது கரைந்து சாலை முழுக்க ஓடியது. பள்ளமும் மேடும் தெரியாது, சிவப்புத் தண்ணீர் மட்டும் தெரியும். முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. பக்கத்து சீட்டிலிருந்த சொர்ணம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "சங்கர் மேல தண்ணி அடிக்கு, மெதுவா போங்க." அவன் தள்ளி வருவான் என்றேன். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன். தள்ளி வரவில்லை, வழி தவறிவிடுவோம் என்று ஒட்டியேதான் வந்தான். ஹெல்மெட் கண்ணாடி முழுக்கச் சிவப்பு. இடது கையை எடுத்து ஒருமுறை துடைத்தான். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைக்கவில்லை என்பதுகூடச் சரியில்லை, காலை அழுத்தினேன். முந்திப் போய்விட்டால் தண்ணீர் அவன்மேல் படாது என்று நினைத்தேனா, நேரமாகிவிட்டது என்று நினைத்தேனா, இல்லை புது வண்டி அந்தத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவது நன்றாக இருந்ததா. நன்றாகத்தான் இருந்தது. அவனும் வேகத்தைக் கூட்டியிருப்பான், பின்னாலேயே வருகிறேன் என்றவன். இன்னொரு முறை துடைத்தான். அதன் பிறகு சாலை வளைந்தது, சின்னப் பாலம் ஒன்று வந்தது, கண்ணாடியில் ஆள் இல்லை. நின்று முகம் கழுவிக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். மண்டபத்துக்குப் போய் மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கை கொடுத்தேன். பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் கேசரி வைத்தார்கள், சாப்பிட்டேன். போன் வந்தபோது கேசரி நன்றாயிருக்கிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாலத்துச் சுவரில் இடித்திருந்தான். நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தார்கள். கண்ணாடியில் செம்மண் காய்ந்து அப்பியிருந்தது, நடுவில் மட்டும் விரல்களால் துடைத்த தடம். நான் அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். ஏன் போனேன். வடிவிடம் இப்படிக் கொடுக்கக் கூடாது என்றுதான் அப்போது நினைத்தேன், அப்படித்தான் நினைத்தேன் என்று இன்னமும் சொல்லிக்கொள்கிறேன். தண்ணீரைத் திறந்து கழுவினேன், விரல் தடமும் போய்விட்டது. திரும்பி வந்தபோது போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு நின்றார். "முன்னால என்ன வண்டி போச்சு, பாத்தீங்களா" என்று கேட்டார். "ஒரு டிப்பர் லாரி எங்களுக்கு நடுவுல வந்துச்சு சார்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. மண் அடிக்கிற டிப்பர்கள் அந்தச் சாலையில் நாள் முழுக்க ஓடின, யாரும் சந்தேகப்படவில்லை. சொர்ணம் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். இந்த ஏழு மாதத்தில் அதைப் பற்றி அவளும் பேசவில்லை நானும் பேசவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவள் காரில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததில்லை. கால் நீட்ட வசதி என்று சொல்லிப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறாள்.

வடிவுதான் இன்று பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். எதிரே டிப்பர் வரும்போதெல்லாம் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். எங்களை முந்திக்கொண்டு ஒன்று போனபோது அதன் பின்சக்கரத்தையே பார்த்தாள், ரப்பர் கிழிந்து பாதிதான் தொங்கியது. "நாசமாப் போறவன்" என்றாள், மெதுவாக, யாரிடமும் இல்லை. இந்தப் பெண் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. இல்லாத ஒரு லாரியைத் திட்டுகிறாள், அதை ஓட்டிய இல்லாத ஒருவனைச் சபிக்கிறாள், அந்தச் சாபமெல்லாம் எங்கே போய் விழும். தொடுகோட்டில் போகும் என்று பாடம் எடுக்கிறவன் நான். இதோ, வைப்பர் முடிந்துவிட்டது. செய்யதலி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வருகிறார். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள். "தொழுதுட்டு வந்துருதேன் சார், பத்து நிமிசம். அதுக்குள்ள முடிவு பண்ணி வைங்க." நான் தலையாட்டுவதற்குள் வடிவு நாற்காலியிலிருந்து திரும்பினாள். "போட்டுருங்க அத்தான். பின்னால வாரவனுக்கு நல்லதுல்லா. அந்த லாரிக்காரன் ஒண்ண மாட்டியிருந்தாம்னா இவரு இருந்திருப்பாரு" என்றாள். செய்யதலி என்ன புரிந்துகொண்டாரோ, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு சாரலில் இறங்கிப் போய்விட்டார்.

போடுங்க என்று இப்போது சொன்னால் அவள் சொன்னதற்காகப் போட்டதாக ஆகும். பின்னால் வருகிறவனுக்காக யோசிக்கிற நல்ல மனிதர் என்று ஆகும். வீட்டுக்குப் போய் அனுசுயாவிடமும் சொல்வாள், பெரியப்பா மட்ஃபிளாப் போட்டுட்டாங்க என்று. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். கேட்கமாட்டாள், கேட்காமல் பார்ப்பாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும், அப்புறம் பார்க்கலாம், நேரமாகிவிட்டது, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும், இன்னொரு நாள் தென்காசியிலேயே போட்டுக்கொள்ளலாம், இப்படி ஏதாவது. வாயைத் திறந்தேன். "லாரி வரல வடிவு" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை போல, தகரத்தில் மழை அப்படி அடித்தது. இன்னும் நேரம் இருந்தது, வேறு எதையாவது சொல்லி மூடியிருக்கலாம். நான் போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன், வேறு நாற்காலி இல்லை. "அன்னைக்கு நடுவுல லாரி எதுவும் வரல. அவன் முன்னால போனது என் வண்டி. என் சக்கரத்துத் தண்ணிதான் அவன் கண்ணாடியில அடிச்சுது. நான் பாத்தேன். மெதுவாப் போகச் சொல்லி சொர்ணம் சொன்னா, நான் போகல. போலீஸ்ல பொய் சொன்னேன். ஹெல்மெட்டக் கழுவுனது நான்தான்." ஏழு மாதமாகச் சுமந்தது இத்தனை சின்னதாக இருந்தது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் ஃபைலின் கயிற்றை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "நடுவுல ஒரு வண்டியும் வரலியா" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சொர்ணக்காவுக்குத் தெரியும், என்ன." தெரியும் என்றேன். "தொடச்சாரா, கண்ணாடிய." ஆமாம் என்றேன். "எத்தன தடவ." ரெண்டு தடவை, இடது கையால் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கம்பத்து உச்சியில நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் விட்டு வேல பாப்பாரு. பைக்குல ஒரு கையக்கூட எடுக்கமாட்டாரு. அன்னைக்கு எடுத்திருக்காருன்னா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது அவருக்கு. பயந்திருப்பாரு" என்றாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. அழுதால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. "ஏழு மாசமா அந்த லாரியத் திட்டிக்கிட்டிருந்தேன் அத்தான். பேரு தெரியாது, மூஞ்சி தெரியாது. திட்டுனா நெஞ்சு கொஞ்சம் லேசாகும், அப்புறம் அடுப்பப் பத்தவச்சிருவேன். இனி நான் என்ன செய்ய. உங்களத் திட்ட எனக்கு வாய் வராது. அவரு போன நாள்லருந்து எங்க வீட்டுல அரிசி தீந்ததே இல்ல, அது நீங்க செஞ்சது." ஃபைலின் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். "சொல்லணும்னா அன்னைக்கே சொல்லியிருக்கணும். இல்லன்னா சொல்லாமயே இருந்திருக்கணும். ஒங்களுக்கு எறக்கி வைக்கணும், எறக்கி வச்சிட்டிய." கோபம் இல்லை அந்தக் குரலில். கணக்கு வாத்தியார் விடைத்தாளில் சுழிப்பதுபோல, தப்பு இருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுவதுபோல இருந்தது. தரையில் உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை.

செய்யதலி திரும்பி வந்தார், தாடியில் மழைத்துளி. நான் தரையில் இருப்பதைப் பார்த்துத் தயங்கினார். வடிவு எழுந்து நின்று, என்னிடம் இல்லை, அவரிடம் சொன்னாள். "மட்ஃபிளாப்ப மாட்டிருங்க அண்ணாச்சி. பின்னால ரெண்டு சக்கரத்துக்கும்." பிறகு ஃபைலைச் சேலைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு, "நான் பஸ்ஸுல போயிக்கிடுதேன்" என்றாள். கொண்டுவிடுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் நின்றாள். நிமிர்ந்துதான் நின்றாள். தென்காசி பஸ் வந்தது, நின்றது, நகர்ந்தபோது அவள் அங்கே இல்லை. பஸ்ஸின் சன்னல்களெல்லாம் மழைக்கு மூடியிருந்தன, எந்த சன்னலில் இருக்கிறாள் என்று தெரியவில்லை.

செய்யதலி ஜாக்கி வைத்துத் தூக்கிப் பின்சக்கரத்துக்குப் பின்னால் படுத்திருக்கிறார். டிரில் மெஷின் ஓடுகிறது. நான் பயந்த துளை இதுதான். தகட்டில் இறங்கும் சத்தம் பல்லில் ஏறுகிறது, பொடிப்பொடியாக வெள்ளித் தூள் விழுகிறது. மனசு என்னவோ வடிவு சொன்னதையே சுற்றுகிறது. ஒங்களுக்கு எறக்கி வைக்கணும். அது சரியா. சரிதான். இத்தனை நாள் நான் யோசித்ததெல்லாம் சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்பதைத்தான், கேட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. ஆனால் சொல்லாமலே இருந்திருந்தால், அவள் ஆயுசு முழுக்க இல்லாத லாரியைப் பார்த்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தால். அதையும் நினைக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் போகமுடியாமல் மனசு திரும்பத் திரும்ப அந்த வளைவுக்கே போகிறது, காலை எடுக்கிறேன், வேகம் குறைகிறது, கண்ணாடியில் அவன் வருகிறான், வருகிறான். போன் அடித்தது. சொர்ணம். "எங்க வாரிய" என்றாள். பாவூர்சத்திரம் என்றேன். "வடிவு மத்தியானம் சாப்பிட்டாளா." சாப்பிட்டாள், அவள் பஸ்ஸில் வருகிறாள் என்றேன். "ஏன், காருக்கு என்னாச்சு." காருக்கு ஒன்றுமில்லை என்றேன். டிரில் சத்தத்துக்குத் தள்ளி வந்து நின்று சொன்னேன், "சொல்லிட்டேன், சொர்ணம்." அந்தப் பக்கம் எதையோ கிளறிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அடுப்பை அணைத்தாள். என்ன சொன்னாள், அழுதாளா, எதையும் கேட்கவில்லை. "எப்பம் ஏறுனா" என்றாள். பத்து நிமிடம் ஆகிறது என்றேன். "அவ தெருமுக்குல, வாய்க்கா பாலம் ஸ்டாப்புலதான் எறங்குவா. நான் போயி நிக்கேன்." மழை பெய்கிறதே என்றேன். "பெய்யட்டும். நானும் அந்த வண்டியிலதான இருந்தேன்." போனை அணைக்க மறந்துவிட்டாள். கதவைச் சாத்துவது கேட்டது, படியிறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு மழை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.